கணினியிலும் ஒரு வேலிப் பொட்டு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே வாழ்ந்தோர்க்கு வேலிப் பொட்டு இன்னதென நாம் விளக்க வேண்டுவதில்லை. ஏனைய நேயர்களுக்காக ஒரு சொல்: அயல் வீட்டுக்குத் தெருவாற் சுற்றிப் போகாமல், இரு வளவுகளுக்கும் நடுவேயுள்ள கிடுகு வேலியிலே ஓர் ஆள் நுழையத் தக்கதாக விட்டிருக்கும் சிறு வழியே பொட்டு எனப்படும். அது எல்லா வேலியிலும் இராது. நாள்தோறும் போய்வருகின்ற, நன்கறிந்த வீட்டுக்கு மட்டுமே வைக்கப்படும். கறிக்கு உப்புக் குறைந்தாலும், இரவிலே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அவ்வழியாலேயே ஒருவர் மற்றவரிடம் ஓடுவர்.

கணினித் திரையிலும் இத்தகைய பொட்டு ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் நாம் நாடும் இணையத்தளத்துக்கு, முகவரியை ஒவ்வொரு முறையும் எழுதாமலும் தேடியலையாமலும், ஒரு சிறு படத்தை அழுத்திய மாத்திரத்திலே போய்ச் சேரும் வழி அது. ஆங்கிலத்திலே 'ஷோர்ட்கட்' என்பர். நாம் குறுக்குவழி என்போம். இஃது ஐந்து நிமிட வேலை. ஆயினும் அந்த ஐந்து நிமிடத்தை ஒருவரும் செலவிடாமையால் ஒரு வீட்டிலே நேர்ந்ததைக் கண்ட பின்னரே இதனை எழுதத் துணிந்தோம்.

துணியால் மூடப்பட்ட கணினி

நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வடமராட்சியிலே தனியே வாழ்ந்து வருகின்றார். வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளிலே. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்த மகன் ஒரு கணினியை வாங்கி வைத்து, அதனைக் கையாளும் முறையையும் கற்பித்துச் சென்றார். ஊரவர் யாவரும் 'ரீச்சர்' என்றழைக்கும் அவ்வம்மையார் விரைவிலேயே அதிற் பழகிக்கொண்டார். காலையிலே பத்திரிகை, மாத நடுவிலே ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று ஒரு பார்வை, மாலையிலே பழைய நூல்கள். முகவரிகளை ஒரு கொப்பியிலே அழகாக எழுதியும் வைத்திருந்தார். எனினும் அவற்றை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதிலும் பார்க்க, பெயரைத் தேடற் பெட்டியிலே எழுதி, முதலில் வருவதை அழுத்துவது அவருக்கு எளிதாயிருந்தது. நம்மிற் பெரும்பாலோர் செய்வதும் அதுவேயன்றோ!

சென்ற ஆண்டு ஒருநாட் காலை அவ்வாறே வங்கியின் பெயரை எழுதினார். முதலில் வந்ததை அழுத்தினார். வந்தது அவருடைய வங்கியன்று. அதன் நிறத்தையும் இலச்சினையையும் போர்த்துக்கொண்டு, விளம்பரமாகப் பணங்கொடுத்து மேலேறி நின்ற ஒரு போலிப் பக்கம். ரீச்சர் தமது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். தவறு, மீண்டும் எழுதுக என்றது. மீண்டும் எழுதினார். அடுத்ததாக வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களைக் கேட்டது. பல்லாண்டு காலம் விடைத்தாள் திருத்திய கண் அங்கேதான் விழித்துக்கொண்டது. "உள்ளுக்குப் போறதுக்கு என்ர பாங்க் இதை ஒருநாளும் கேட்டதில்லையே!" என்று திடுக்கிட்டவர், உடனே தொலைபேசியை எடுத்துக் கிளைக்கு அறிவித்தார். இணையவழிக் கணக்கு அப்பொழுதே முடக்கப்பட்டது. ஒரு சதமேனும் போகவில்லை.

பணம் தப்பியது, ஆனால் துணிவு போய்விட்டது. நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது கணினி ஒரு பழைய மேசை விரிப்பினால் மூடப்பட்டிருந்தது. பத்திரிகையும் இல்லை, நூல்களும் இல்லை. "தம்பி, இந்தப் பெட்டியை ஆரும் படிக்கிற பிள்ளையளுக்குக் குடுங்கோ. எனக்கு இனி வேண்டாம்" என்றார் ரீச்சர்.

"பெட்டியிலே பிழையில்லை ரீச்சர், போன வழிதான் பிழை. ஒரு அரை மணித்தியாலம் தாருங்கோ" என்று கூறி விரிப்பை அகற்றினோம். அந்த அரை மணித்தியாலத்திலே செய்தவற்றையே இனி வரிசையாகச் சொல்லப் போகின்றோம்.

மேசையும் அதன் மேற் படங்களும்

கணினியை இயக்கியவுடன் தோன்றும் முகப்புத் திரைக்கு 'டெஸ்க்டொப்', அஃதாவது மேசையின் மேற்பரப்பு, என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1981 ஆம் ஆண்டிலே ஸெரொக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அலுவலக மேசையிற் காணப்படும் கடதாசி, கோப்பு முதலியவற்றைச் சிறு படங்களாகத் திரையிலே வரைந்து காட்டியது. கட்டளைகளை மனனஞ் செய்து எழுத வேண்டியிருந்த நிலை மாறி, படத்தைச் சுட்டினாற் போதும் என்றாயிற்று. 1984 இல் வந்த அப்பிளின் மக்கின்டொஷ் கணினி அம்முறையைப் பொதுமக்களிடம் பரப்பிற்று. ஒரு பொருளை இரு இடங்களில் வையாமல், அது இருக்கும் இடத்தைச் சுட்டுகின்ற குறியொன்றை மட்டும் மேசையிலே வைக்கும் வசதி, மக்கின்டொஷில் 1991 இலும், மைக்ரோசொப்டின் விண்டோஸில் 1995 இலும் வந்து சேர்ந்தது. 'ஷோர்ட்கட்' என்ற பெயர் விண்டோஸ் 95 இட்ட பெயரே.

இதே காலத்திலேதான் இணையத்தளங்களும் தோன்றின. சுவிற்சலாந்து எல்லையிலுள்ள ஸேர்ன் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ் லீ 1989 இலே வகுத்த திட்டம், 1991 இலே உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி முகவரி என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. மேசைமேற் குறியையும் இணைய முகவரியையும் ஒன்றாய் இணைத்தால் கிடைப்பதே நாம் கூறும் குறுக்குவழி.

அதன் உள்ளீடு மிக எளிது. விண்டோஸ் கணினியிலே அது சில வரிகள் கொண்ட ஒரு சிறு எழுத்துக் கோப்பு. முகவரியே அதன் சாரம். இணையத்தளம் அதனுள்ளே இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. ஆகவே தவறி அழித்துவிட்டாலும் இணையத்தளத்துக்கு ஒரு கேடும் வராது, மறுபடியும் ஆக்கிக்கொள்ளலாம். அஞ்சி அஞ்சித் தொடுவோர் இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ரீச்சருக்கும் நாம் முதலிற் சொன்னது இதுவே.

முதலில் முகவரியை அறிதல்

பொட்டு வைக்குமுன், வேலிக்கு அப்பால் இருப்பது யார் வீடென்று அறிய வேண்டுமன்றோ? ஆகவே, குறுக்குவழியை ஆக்குதல் இரண்டாம் வேலை; சரியான முகவரியைத் தேர்தல் முதல் வேலை. குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்த இணைப்பை நம்பலாகாது. தேடியபொழுது மேலே நிற்பதையும் நம்பலாகாது. வங்கியானால் வங்கி தந்த கணக்குக் கூற்று அல்லது கடிதத்திலே அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, உலாவியின் மேலேயுள்ள முகவரிப் பட்டையிலே கையால் எழுதுக. பத்திரிகையானால் அச்சுப் பிரதியிலே பார்த்து எழுதுக. எழுதியபின் ஒருமுறை எழுத்தெண்ணி ஒப்பு நோக்குக.

முகவரியை வாசிக்கும் முறையையும் அறிதல் நன்று. கடித உறையிலே நாட்டின் பெயர் இறுதியில் வருவதுபோல, இணைய முகவரியிலும் முக்கியமான பகுதி, முதலில் வரும் தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னேயுள்ள இறுதிப் பகுதியாகும். இலங்கைக்குரிய 'எல்.கே.' என்ற இறுதி 1990 ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. 2010 இலே '.இலங்கை' எனத் தமிழெழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கும் இடம் கிடைத்தது. ஜீ, ஓ, வி என்ற மூன்று எழுத்துக்களும் புள்ளியும் எல்.கே.யும் இறுதியாக நின்றால் அது நம் அரச நிறுவனமொன்றின் தளம். ஆனால் அவ்வெழுத்துக்கள் நடுவிலே கிடந்து, இறுதியிலே வேறேதேனும் வந்தால் அது அரசின் தளமன்று. போலிகள் மறைந்து நிற்பது இந்த நடுப்பகுதியிலேதான்.

முகவரிக்கு அருகே பூட்டுப் படம் இருந்தால் அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அப்பூட்டு, நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியிலுள்ளோர் படிக்க இயலாது என்பதற்கே அடையாளம். அப்பாலிருப்பவர் நல்லவர் என்பதற்கு அன்று. கள்வனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான். இத்தவறான எண்ணத்தைக் கருதியே கூகிள் நிறுவனம் 2023 இலே தன் குரோம் உலாவியிலிருந்து அப்பூட்டுப் படத்தை அகற்றிவிட்டது.

ஆக்கும் முறை

விண்டோஸ் கணினியிலே எந்த உலாவியைப் பயன்படுத்துவோர்க்கும் பொதுவான முறை ஒன்று உண்டு. சரிபார்த்த முகவரியின்மீது மவுஸ் எனப்படும் சுட்டியால் ஒருமுறை அழுத்தினால் அது முழுவதும் நிறம் மாறும். 'கொன்ட்ரோல்' விசையை அழுத்தியவாறே 'சி' எழுத்தைத் தட்டினாற் படியெடுக்கப்படும். பின் முகப்புத் திரைக்கு வந்து, வெற்றிடத்திலே சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துக. விரியும் பட்டியலிலே 'நியூ', அதனுள்ளே 'ஷோர்ட்கட்' என்பவற்றைத் தெரிந்தால் ஒரு பெட்டி தோன்றும். அதிலே 'கொன்ட்ரோல்' விசையோடு 'வி' எழுத்தைத் தட்டினால் முகவரி வந்து விழும். 'நெக்ஸ்ட்' என்பதை அழுத்திப் பெயரைக் கொடுத்து, 'பினிஷ்' என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது.

இன்னும் விரைவான முறையும் உண்டு. உலாவியின் சாளரத்தைச் சற்றுச் சிறிதாக்கி, முகப்புத் திரையும் உடன் தெரியும்படி வைத்துக்கொள்க. முகவரியின் இடப்பக்கத்திலுள்ள சிறு குறியை அழுத்திப் பிடித்தவாறே இழுத்து வந்து முகப்பிலே விட்டால், அதுவே குறுக்குவழியாகிவிடும். குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றிலும் இது செல்லும். மக்கின்டொஷ் கணினியிலே சபாரி உலாவியின் முகவரியையும் இவ்வாறே இழுத்து விடலாம்.

கைபேசி வைத்திருப்போர் மனங்கலங்க வேண்டா. அன்ட்ரொயிட் கைபேசியிலே குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும் பட்டியலிலும், ஐபோனிலே சபாரியின் பகிரும் குறியைத் தொட்டால் வரும் பட்டியலிலும், முகப்புத் திரையிற் சேர்க்கும் வரியொன்று இருக்கக் காணலாம். முறை வேறு, பயன் ஒன்றே.

முதியோர்க்கு ஏற்றவாறு

பெயர் இடுவதிலே ஒரு கவனம் தேவை. தளத்தின் நெடும் பெயர் முதியவருக்கு எதனையும் உணர்த்தாது. தமிழிலேயே பெயரிடலாம். ரீச்சரின் திரையிலே 'பத்திரிகை', 'பாங்க்', 'பழைய புத்தகம்' என்று அவர் வாயில் வழங்கும் சொற்களையே வைத்தோம். சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற சில குறிகளைக் கணினி பெயரில் ஏற்காது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

அடுத்தது அளவு. முகப்பின் வெற்றிடத்திலே வலப் பொத்தானை அழுத்தி, 'வியூ' என்பதனுள்ளே 'லார்ஜ் ஐக்கன்ஸ்' என்பதைத் தெரிந்தால் படங்கள் பெரியனவாகும். அங்கேயே 'ஓட்டோ அரேன்ஜ்' என்பதற்கு எதிரேயுள்ள அடையாளத்தை நீக்கிவிட்டால், நாம் வைத்த இடத்திலேயே படங்கள் நிற்கும். முதியோர் பலர் பெயரை வாசிப்பதிலும் பார்க்க இடத்தையே நினைவில் வைப்பர். சாமியறையிலே திருநீற்றுக் குடுவை இருக்கும் இடம் கைக்குத் தெரிவது போலவே இதுவும்.

கை நடுங்குவோர்க்குச் சுட்டியை விரைவாக இருமுறை தட்டுதல் பெருந்துன்பம். அவர்கள் படத்தை ஒருமுறை அழுத்திவிட்டு, விசைப்பலகையிலுள்ள 'என்ரர்' விசையைத் தட்டினாற் போதும், வாசல் திறக்கும். இவ்வொரு சிறு செய்தியைச் சொன்னபொழுது ரீச்சரின் முகத்தில் வந்த தெளிவை நாம் மறக்கவில்லை.

படங்களை ஐந்தாறுக்கு மேற் பெருக்குதல் ஆகாது. வேலி முழுவதும் பொட்டு வைத்தால் அது வேலியாகாது. வங்கிக்கு வைக்கும் வழி, அதன் முன்வாசலுக்கே இருத்தல் வேண்டும்; உள்ளே நுழைந்தபின் தோன்றும் பக்கத்துக்கு வைத்தால் மறுநாள் அது திறவாமற் போகக்கூடும். பலர் புழங்கும் கணினியிலே கடவுச்சொல்லைச் சேமித்து வைக்குமாறு உலாவி கேட்டால் மறுத்துவிடுக. வேலை முடிந்ததும் முறையாக வெளியேறுக. ஐயம் வந்தால் படத்தின்மீது வலப் பொத்தானை அழுத்தி, 'புரொப்பட்டீஸ்' என்பதைத் திறந்து, உள்ளேயிருக்கும் முகவரி மாறாதிருக்கின்றதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்க்கு

மாணவ நேயர்களுக்கும் இதனாற் பயன் மிகுதி. பாடம் ஒன்றைத் தேடி இணையத்துள்ளே புகுந்த பிள்ளை, வழியிலே கண்ட விளையாட்டிலும் விழியங்களிலும் மயங்கி, ஒரு மணித்தியாலத்தின் பின் வெறுங்கையோடு திரும்புவதைப் பெற்றோர் அறிவர். நேர்வழி இருந்தால் வழிப்பராக்குக் குறையும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலே பாடநூல்கள் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலே பாடங்கள் உள்ளன. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலே பெறுபேறுகள் வெளியாகின்றன. 2005 ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் நூலகம் என்னும் மின்னூலகத்திலே, நம் நாட்டிலே தமிழில் வெளிவந்த நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இந்நான்குக்கும் நான்கு படங்களை முகப்பிலே வைத்துவிட்டால், மேசையிலே புத்தகத்தை விரித்து வைத்ததற்கு அது நிகராகும்.

பெறுபேறு வெளியாகும் நாளிலே இதன் அருமை இன்னும் விளங்கும். வீடே பதற்றமுற்றிருக்கும் அவ்வேளையிலே, அயலார் அனுப்பும் அறியாத இணைப்புக்களை அழுத்தாமல், முன்னரே சரிபார்த்து வைத்த வாசலால் அமைதியாகச் செல்லலாம்.

பின் நடந்தது

மூன்று வாரங்களின் பின் மீண்டும் அவ்வழியாற் சென்றோம். கணினி மீது விரிப்பு இல்லை. திரையிலே நாம் வைத்தவை மூன்று படங்கள். அன்று ஐந்து இருந்தன. நாலாவது படத்துக்குப் 'பஞ்சாங்கம்' என்று பெயர். ஐந்தாவதுக்குப் 'பாடநூல்' என்று பெயர்.

"இது ஆர் வைச்சது ரீச்சர்?" என்று வினவினோம்.

"நான்தான். பக்கத்து வீட்டுப் பொடியன் இந்த வருஷம் சோதனை எடுக்கிறான். பின்னேரத்திலே இங்கை வந்துதான் படிக்கிறவன். முகவரியின்ர கடைசியை வாசிச்சுக் காட்டச் சொல்லி, சரியெண்ட பிறகுதான் வைச்சுக் குடுத்தனான்" என்றார். பேசும்போது குரலிலே பழைய வகுப்பறையின் கண்டிப்பு ஒலித்தது. வங்கிக்கும் நேரிற் சென்று புதிய கடவுச்சொல் பெற்றுவிட்டாராம். ஓய்வூதியம் வந்ததைக் காலையிலேதான் தாமே பார்த்தாராம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ, ஒவ்வொரு சிறு அலுவலுக்கும் பேரப்பிள்ளையின் ஓய்வு நேரத்தைக் காத்திருக்கக்கூடும். அவர்களுக்கு வேண்டியது புதிய கணினியன்று. அறிந்தவர் ஒருவர் அருகிலமர்ந்து, நல்ல முகவரியைத் தேர்ந்து, பெரிய படமாக, விளங்கும் பெயரோடு ஒருமுறை வைத்துக் கொடுத்தாற் போதும். அதன்பின் எவர் கையையும் எதிர்பாராமல் அவர்களே போய்வருவர். ஞாயிற்றுக்கிழமையிலே மதிய உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் இடையே அரை மணித்தியாலம் எவருக்கும் உண்டு.

நாம் விடைபெற்றுப் படலையை நோக்கி நடந்தபோது, பின்னேர வெயிலிலே, கொப்பியும் கையுமாக அந்தப் பொடியன் வேலிப் பொட்டாற் குனிந்து நுழைந்துகொண்டிருந்தான்.